வினாத்தாள் வந்த இரவு: பதின்பருவத்தினர் சொல்லும் காரணங்களும் கோல்பர்க்கின் நிலைகளும்

மேல்நிலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு காலாண்டுத் தேர்வில் எங்கள் பாடத்தின் வினாத்தாள், தேர்வுக்கு முந்தைய இரவே மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்துவிட்டது. அது எப்படி வெளியே போனது என்பதை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கிறார்கள். அதை இங்கே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தேர்வு செல்லாது என்று அறிவித்து, மறுதேர்வு வைப்பது என முடிவான பிறகு, பெயர் எழுதாத துண்டுத் தாளில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதித் தரும்படி மாணவர்களைக் கேட்டேன். படம் வந்ததும் நீ என்ன செய்தாய்? ஏன் அப்படிச் செய்தாய்?

தாள்களைப் படித்தபோது, பார்த்தவர் யார், பார்க்காதவர் யார் என்பதைவிட அவர்கள் எழுதியிருந்த காரணங்களே என்னை அதிகம் யோசிக்க வைத்தன. ஒருவன், "மாட்டினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து படத்தைத் திறக்கவே இல்லை" என்று எழுதியிருந்தான். இன்னொருவன், "படம் போட்டவன் எனக்குக் கணக்குப்பதிவியல் நோட்டு கொடுத்து உதவுபவன், அவனைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த முறை எனக்கு யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருந்தான். ஒரு மாணவி, "எல்லாரும் பார்த்துவிட்டு விடை கேட்டுக்கொண்டிருந்தார்கள்; நான் மட்டும் குழுவிலிருந்து வெளியேறினால் பெரிய யோக்கியம் என்று பேசுவார்கள்" என்று எழுதியிருந்தாள். பார்க்க மறுத்த வேறொரு மாணவியின் வரி இது: "இப்படி எல்லாரும் பார்த்தால் தேர்வு என்று ஒன்று எதற்கு? மதிப்பெண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்."

ஒரு தாளை மட்டும் அப்படியே தருகிறேன். "நான் பார்த்தேன். எங்கள் வகுப்பில் போன் இல்லாதவர்கள் மூன்று பேர். அவர்கள் மட்டும் தெரியாமல் எழுதினால் அது அநியாயம் என்று தோன்றியது. அதில் ஒருவன் வீடு எங்கள் தெருவுக்குப் பக்கம். இரவே போய் அவனிடம் ஐந்து மதிப்பெண் கேள்விகளை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மற்ற இரண்டு பேர் வீடு தூரம், அதனால் போகவில்லை. அது இன்னும் உறுத்துகிறது."

பி.எட். படித்தபோது அமெரிக்க உளவியலாளர் கோல்பர்க், சரி தவறுக்குச் சொல்லும் காரணங்களை வைத்து வகுத்த ஆறு ஒழுக்க வளர்ச்சி நிலைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள்தான் நானும். அந்த நிலைகளை வைத்துக்கொண்டு இந்தத் தாள்களை, குறிப்பாகக் கடைசித் தாளை, எப்படிப் படிப்பது? துறை அறிந்தவர்களும், பிள்ளைகளை வளர்ப்பவர்களும் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தகுதித் தேர்வர் எழுதியது:

அம்மா, இது ஆசிரியர் தகுதித் தேர்வில் "பொருத்துக" என்று கேட்கும் வினாவைப் போலவே அமைந்திருக்கிறது. டி.சி.க்குப் பயந்தவன் முதல் நிலை, அதாவது தண்டனைக்கு அஞ்சிப் பணிதல். நோட்டுக்காகக் காட்டிக்கொடுக்காதவன் இரண்டாம் நிலை, கொடுக்கல் வாங்கல். யோக்கியம் என்று பேசுவார்களே எனத் தயங்கியவள் மூன்றாம் நிலை, நல்ல பிள்ளை என்ற பெயர். தேர்வு எதற்கு என்று கேட்டவள் நான்காம் நிலை, சட்டமும் ஒழுங்கும். முதல் இரண்டும் மரபுக்கு முந்தையவை, அடுத்த இரண்டும் மரபு சார்ந்தவை. கடைசித் தாள் விதியை மீறி நியாயத்தைத் தேடுவதால் மரபுக்குப் பிந்தைய ஐந்தாம் நிலை, அதாவது சமூக ஒப்பந்தம், என்று கருதுகிறேன். சரிதானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளவியல் ஆய்வாளர் எழுதியது:

முதல் நான்கையும் தாங்கள் பொருத்தியது தேர்வுக்குப் போதும். ஆனால், ஒரு வரியைப் பார்த்து நிலையைக் குறிப்பது கோல்பர்க்கின் முறை அன்று. லாரன்ஸ் கோல்பர்க் 1958ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக 10, 13, 16 வயதுடைய 72 சிறுவர்களிடம் பேசினார். மனைவியின் உயிரைக் காக்க மருந்தைத் திருடலாமா என்ற ஹைன்ஸின் கதையைப் பாடநூல்கள் எல்லாம் சொல்லும். அதே நேர்காணலில் பதின்பருவத்துக்கு மிக நெருக்கமான இன்னொரு கதையும் உண்டு. அதை நம் நூல்கள் அநேகமாக விட்டுவிடுகின்றன. ஜோ என்ற பதினான்கு வயதுப் பையனிடம், சொந்தமாகச் சம்பாதித்துச் சேர்த்தால் முகாமுக்குப் போகலாம் என்று தந்தை வாக்களிக்கிறார். பையன் வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டுப் பணம் சேர்க்கிறான். புறப்படும் வேளையில், நண்பர்களோடு மீன்பிடிக்கப் போகக் கையில் காசில்லாத தந்தை அந்தப் பணத்தைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்கிறார். கொடுக்க மறுக்கலாமா?

மறுக்கலாம், மறுக்கக் கூடாது என்ற இரண்டு விடைகளையும் எந்த நிலையிலிருந்தும் சொல்ல முடியும் என்பதுதான் இக்கதையின் பயன். அடி விழும், அதனால் கொடுக்க வேண்டும் என்பான் ஒருவன். வளர்த்த அப்பாவின் மனம் நோகக் கூடாது, அதனால் கொடுக்க வேண்டும் என்பான் இன்னொருவன். செயல் ஒன்று, காரணங்கள் இரண்டு, நிலைகளும் இரண்டு. காரணத்தைக் கேட்டவுடன் ஆய்வாளர் நிறுத்தமாட்டார். அப்பாவுக்குப் பதில் அறிமுகமில்லாத ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தால் என்ன, வாக்கைக் காப்பது ஏன் முக்கியம் என்று துருவிக்கொண்டே போவார். அந்தத் தொடர் உரையாடலில்தான் நிலை தெரியவரும்.

ஆசிரியை அவர்களின் கடைசித் தாளில் மூன்று இழைகளாவது கலந்திருக்கின்றன. "எனக்குக் கிடைத்தது அவனுக்கும் கிடைக்க வேண்டும்" என்ற பங்கீட்டு நியாயம் இரண்டாம் நிலையிலேயே தோன்றிவிடும். பக்கத்துத் தெருப் பையன் தனக்குத் தெரிந்தவன் என்பதால் எழும் அக்கறை மூன்றாம் நிலையைச் சேர்ந்தது. ஆனால், போய்ச் சொல்ல முடியாத இருவரைப் பற்றி உறுத்துகிறது என்று அவன் எழுதியிருப்பதில், நட்பைத் தாண்டி, போன் இல்லாத யாருக்கும் இந்த அநியாயம் நேரக் கூடாது என்ற பொது எண்ணம் தலைகாட்டுகிறது. அது எவ்வளவு தூரம் போகிறது என்று அறிய ஒரு கேள்வி போதும்: அது மாவட்டப் பொது வினாத்தாளாக இருந்தால், அதே தாளை எழுதும் வேறு பள்ளி மாணவர்களின் கணக்கு என்ன? இதற்கு அவன் என்ன சொல்கிறான் என்பதை வைத்துத்தான் நான்காம் நிலையா என்று பேசவே தொடங்கலாம்.

ஐந்தாம் நிலை என்று சொல்வதில் அவசரம் வேண்டாம். அந்தச் சிகாகோ சிறுவர்களில் 58 பேரைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு, ஆன் கோல்பியும் கோல்பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் முடிவை வெளியிட்டார்கள். பள்ளி முடிக்கும் வயதில் ஓங்கியிருந்தது மூன்றாம் நிலை. நான்காம் நிலை முப்பதுகளில்தான் பெரும்பான்மையானது. ஐந்தாம் நிலையை எட்டியவர்கள் பெரியவர்களான பின்னரும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பொது அறநெறிகளைப் பின்பற்றும் ஆறாம் நிலையைத் தரவுகளில் காண முடியாமல் மதிப்பீட்டுக் கையேட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் தேர்வுக் கையேடுகள் அதை இன்னும் ஆறாவது படியாக அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன என்பது தனிக் கதை.

கரிசல்காட்டார் எழுதியது:

எனக்கு இந்த எண்கள் எல்லாம் பழக்கமில்லை. விருதுநகர் மாவட்டத்தில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வினாத்தாளைப் பார்த்தவன் தவறு செய்தவன். பார்த்துவிட்டு இன்னொருவனுக்கும் சொன்னவன் இரண்டு தவறு செய்தவன். காரணத்தை நயமாகச் சொல்லத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்ளலாம் என்றால், வாய் பேசத் தெரியாத பிள்ளைதான் கடைசியில் மாட்டும்.

இருந்தாலும், படித்தவர்கள் கூடியிருப்பதால் என் வீட்டுச் செய்தி ஒன்றைக் கேட்கிறேன். என் மகனும் பதினோராம் வகுப்பு. டியூஷனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போவான். உரிமம் எடுக்கும் வயது ஆகவில்லை. கேட்டால், "பைபாஸில்தான் போலீஸ் நிற்பார்கள், நான் உள்ரோட்டிலேயே போய்விடுகிறேன்" என்றான். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது என்று உட்காரவைத்து விளக்கினேன். "அப்படியென்றால் உங்களுக்கல்லவா ஆபத்து" என்று சாவியைத் தானே ஆணியில் மாட்டிவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு மாலை, கூட்டாளிகள் இருவர் வாசலில் நின்று கூப்பிட்டதும் அதே சாவியை எடுத்துக்கொண்டு ஒரே வண்டியில் மூன்று பேராகப் போனான்.

இந்தப் பையன்தான் விடுமுறையில் கடையில் உட்காரும்போது, வாடிக்கையாளர் மறந்து வைத்துப்போன மீதிச் சில்லறையைத் தனி டப்பாவில் போட்டு, வண்டி எண்ணைச் சீட்டில் எழுதி உள்ளே வைக்கிறான். யாரும் பார்க்காதபோதும் அப்படித்தான். "நம் கடையை நம்பி வருகிறார்கள் அப்பா" என்கிறான். ஒரே பையன். இவனை எந்த நிலையில் வைப்பீர்கள்?

உளவியல் ஆய்வாளர் எழுதியது:

ஐயா, தங்கள் முதல் கருத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஒரு செயல் சரியா என்பதும், செய்தவன் எப்படிச் சிந்திக்கிறான் என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவது மன்னிக்கப்பட்டுவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

தங்கள் மகனைப் பற்றிய கேள்வி இத்துறையின் மிகப் பழைய சிக்கலைத் தொடுகிறது. கோல்பர்க்குக்கும் முன்பே, 1920களில், அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்புள்ள சூழல்களை வகுப்பிலும் விளையாட்டிலும் வீட்டுப்பாடத்திலும் அமைத்துப் பார்த்தார்கள். நேர்மையான பிள்ளைகள், நேர்மையற்ற பிள்ளைகள் என்று இரண்டு கூட்டம் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றவில்லை. நடத்தை இப்படிச் சிதறினாலும் சிந்தனையில் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று காட்டுவதற்காகவே கோல்பர்க் காரணங்களைப் பிடித்துக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம். அந்த ஒழுங்கும் முழுமையானதன்று. 1990இல் கனடாவின் டென்டனும் கிரெப்ஸும், ஒரே ஆட்களைப் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையும் மதுக்கூடத்தில் ஒரு முறையும் பேட்டி கண்டபோது, மதுக்கூடத்தில் காரணங்கள் கீழ்நிலைக்கு இறங்கியதைக் கண்டார்கள்.

இப்போது தங்கள் மகன் சொன்ன காரணங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பைபாஸில் போலீஸ் நிற்பார்கள் என்பது தண்டனையைச் சுற்றிவரும் முதல் நிலை. அப்பாவுக்கு ஆபத்து என்று சாவியை மாட்டியது மூன்றாம் நிலை. கூட்டாளிகள் முன்னால் மறுக்க முடியாமல் சாவியை எடுத்ததும் மூன்றாம் நிலைதான். கடையை நம்பி வருகிறார்கள் என்று சில்லறையை எடுத்து வைப்பதும் அதே மூன்றாம் நிலை. உங்களுக்கு நான்கு பையன்களாகத் தெரிபவன் பெரும்பாலும் ஒரே பையன். தன்னை நம்புகிறவர்களின் கண்ணில் தாழ்ந்துவிடக் கூடாது என்பதே அவன் அளவுகோல். அந்த நேரத்தில் யாருடைய கண் அவன்மேல் இருக்கிறது என்பது மட்டும்தான் மாறுகிறது.

கூட்டாளிகளின் கண்ணுக்கு எவ்வளவு வலு என்று லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005இல் 306 பேரை வைத்து, கணினியில் கார் ஓட்டும் விளையாட்டின் மூலம் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தபின் நிறுத்துவதா, போய்விடுவதா என்பதே அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. தனியே ஓட்டியபோது வயதுக்கு வயது பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அப்படி ஒன்றும் மாறவில்லை. எனவே, சட்டப் பிரிவை இன்னொரு முறை விளக்குவதைவிட, அந்த இரண்டு கூட்டாளிகளின் அப்பாக்களோடு பேசிச் சாவி விஷயத்தை முடிவு செய்வது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

பிளஸ் டூ மாணவன் எழுதியது:

பெரியவர்களுக்கு வணக்கம். நான் வேறு ஊர், வேறு பள்ளி. எங்கள் பள்ளியிலும் இப்படி ஒரு தாள் எழுதி வாங்கினார்கள். ஆசிரியை அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெயர் எழுத வேண்டாம் என்றாலும் எங்கள் கையெழுத்தை வைத்தே யார் என்று ஆசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத் தக்கபடி எழுதுவோம்.

எங்களிடம் கேள்வி எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். "யார் செய்தது? இப்போதே சொல்லிவிட்டால் விட்டுவிடுகிறேன், நானாகக் கண்டுபிடித்தால் நடப்பதே வேறு" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார்கள். இதை ஒரு பேரமாகத்தான் எங்களால் எடுத்துக்கொள்ள முடிகிறது. பேரம் பேசுபவரிடம் நாங்களும் பேரம்தான் பேசுவோம். அப்புறம், எங்களுக்கு லாப நஷ்டம் தவிர ஒன்றும் தெரியாது என்கிறார்கள். விளையாட்டுத் திடலில் அணி பிரிக்கும்போது, முந்தின நாள் முழுதும் வெளியே உட்கார்ந்தவனை முதலில் எடுக்க வேண்டும் என்று எங்களுக்குள் நாங்களே பேசி வைத்திருக்கிறோம். அங்கே யாரும் யாரையும் மிரட்டுவதில்லை.

இன்னொன்று. பள்ளி டைரியின் இரண்டாம் பக்கத்தில் விதிகள் இருக்கின்றன. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வர வேண்டும், நகம் வெட்ட வேண்டும், பாக்ஸ் கட்டிங் கூடாது, கையில் கயிறு கூடாது, தேர்வில் பார்த்து எழுதக் கூடாது, மற்றவரை அடிக்கக் கூடாது. எல்லாம் ஒரே பட்டியல். முடி வெட்டியதற்கும், இன்னொருவனை அடித்ததற்கும் பிரேயரில் ஒரே மாதிரி வெளியே நிற்கவைக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

உளவியல் ஆய்வாளர் எழுதியது:

தம்பி கேட்டிருக்கும் கடைசிக் கேள்வியைத்தான் எலியட் டுரியல் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் ஆய்வின் மையமாக வைத்துக்கொண்டார். "ஆசிரியர் அனுமதித்தால் அப்படிச் செய்யலாமா?" என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். உடை பற்றிய விதி என்றால், ஆசிரியர் சொல்லிவிட்டால் சரிதான் என்கின்றன பிள்ளைகள். அடிப்பது என்றால், ஆசிரியரே சொன்னாலும் தவறு, வலிக்குமே என்கின்றன. மரபு விதியையும் பிறருக்குத் தீங்கு செய்யாத நெறியையும் குழந்தைப் பருவத்திலேயே பிரித்துப் பார்க்க முடியும் என்பது அவர் கருத்து. கோல்பர்க்கின் வரிசையில் இந்தப் பிரிவினை மிகப் பின்னால்தான் வரும். இங்கேதான் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். பதின்பருவத்தில் மூன்றாவதாக "இது என் சொந்த விஷயம்" என்ற வட்டமும் பெரிதாகிறது. அறையை ஒழுங்காக வைப்பது, தலைமுடி, நண்பர்கள் ஆகியவற்றைப் பெற்றோர் குடும்ப ஒழுங்காகவும் பிள்ளைகள் சொந்த விஷயமாகவும் பார்ப்பதால்தான் வீட்டுச் சண்டைகள் மூளுகின்றன என்று ஜூடித் ஸ்மெட்டானா விரிவாக எழுதியிருக்கிறார்.

பட்டியலை ஒன்றாகக் கலந்து கொடுத்தால், முடியைப் பற்றிய விதியின் கனம் கூடுவதில்லை. பார்த்து எழுதக் கூடாது என்பதன் கனம்தான் குறைகிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

ஆய்வாளர் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பட்டியலைப் பிரிப்பது தாங்கள் நினைப்பதுபோல் எளிதன்று. கையில் கட்டும் கயிற்றை அந்த மாணவர் முடியோடும் நகத்தோடும் சேர்த்து எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் அது சொந்த அலங்காரமாக இருக்கலாம். தென் மாவட்டங்களில் பணியாற்றிய எங்களுக்குக் கயிற்றின் நிறத்தைப் பார்த்ததும் சாதி தெரியும். அந்த நிறம் இல்லாத கை எதுவென்றும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் காயம்பட்டாள். அதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது.

கயிறு கட்டி வந்த பையனை அழைத்து ஏன் என்று கேட்டால், "எங்கள் ஊரில் எல்லாரும் கட்டுகிறோம், கழற்றினால் அண்ணன்மார்கள் கேட்பார்கள்" என்பான். இது தாங்கள் சொல்லும் மூன்றாம் நிலைதானே? அந்த நிலையின் கொடிய முகத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அதைப் பேசிப் பேசி உயர்த்தும்வரை காத்திருக்கப் பள்ளியால் முடியாது. முதலில் கயிற்றை அறுக்க வேண்டும், பிறகு பேச வேண்டும்.

உளவியல் ஆய்வாளர் எழுதியது:

ஐயா, கயிற்றைப் பற்றித் தாங்கள் சொன்னதை மறுக்க முடியாது. ஒரு செயல் யாரைப் புண்படுத்துகிறது என்ற செய்தி தெரியும்போது, அது சொந்த விஷயம் என்ற வட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறது. கயிற்றை அறுத்த பின் நடக்கும் பேச்சில் இந்தச் செய்தி இடம்பெறுகிறதா என்பதே என் கேள்வி. "கயிறு கூடாது" என்று மட்டும் டைரியில் இருந்தால், பையனுக்கு அது பாக்ஸ் கட்டிங் விதியின் தம்பியாகத்தான் தெரியும். அந்த நிறம் இல்லாத கைக்குரியவன் வகுப்பில் எங்கே உட்காருகிறான், ஏன் அங்கே உட்காருகிறான் என்று பேசினால்தான் அவனுக்குக் கயிற்றின் பொருள் விளங்கும்.

கொங்கு நாட்டுத் தாய் எழுதியது:

கோல்பர்க் பேசியது சிறுவர்களிடம் மட்டும் என்று மேலே படித்தேன். என் மகளின் செய்தி ஒன்று. அவள் தோழி, எங்கள் வீட்டில் குரூப் ஸ்டடி என்று சொல்லிவிட்டு, தன் அம்மாவுக்குத் தெரியாமல் மாநில அணித் தேர்வுக்காகக் கபடிப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னிடம் தொலைபேசியில் கேட்டபோது, பக்கத்தில் நின்ற என் மகள் "இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லுங்கள்" என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் பொய் சொல்லவில்லை. மகள் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. "பொய் தவறுதான் அம்மா, ஆனால் அவளைக் கைவிடுவது அதைவிடத் தவறு" என்றாள். இதைக் கீழான நிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உளவியல் ஆய்வாளர் எழுதியது:

அம்மா, தங்கள் மகள் சொன்னது போன்ற பதில்களைக் கேட்டுத்தான் கேரல் கில்லிகன் 1982இல் கோல்பர்க்கை எதிர்த்து எழுதினார். உரிமை, விதி என்று பேசினால் மேல்நிலை, உறவு, அக்கறை என்று பேசினால் மூன்றாம் நிலை என்று மதிப்பிடும் அளவுகோலே ஆண் பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்தது என்பது அவர் வாதம். ஆணும் பெண்ணும் நிலைகளில் பெரிதாக வேறுபடுவதில்லை என்று லாரன்ஸ் வாக்கர் 1984இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியதால் அந்தப் பகுதி வலுவிழந்தது. ஆனால், அக்கறையும் ஒரு முதிர்ந்த நெறியாக இருக்க முடியும் என்ற பகுதி நிலைத்துவிட்டது.

நம் பக்கத்து ஆய்வு ஒன்று இதைவிடப் பொருத்தமானது. ஜோன் மில்லரும் டேவிட் பெர்சாஃபும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் நம் மைசூரிலும் ஒரே கதையைச் சொன்னார்கள். நண்பனின் திருமணத்துக்கு மோதிரங்களைக் கொண்டுபோக வேண்டியவன் பயணத்தில் பணத்தைப் பறிகொடுத்துவிடுகிறான். வேறொருவரின் ரயில் சீட்டை எடுத்துக்கொண்டால் மட்டுமே நேரத்துக்குப் போய்ச்சேர முடியும். திருடக் கூடாது என்பதா, நண்பனுக்குக் கொடுத்த பொறுப்பா? மைசூரில் பெரும்பாலோர் மோதிரத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்றார்கள். அதையும் நட்பு மிகுதியால் அன்று, செய்தே தீர வேண்டிய கடமை என்ற முறையில் சொன்னார்கள். அமெரிக்கர்களில் பலருக்கு அது தனி மனிதரின் விருப்பமாகப் பட்டது. தங்கள் மகளின் பதிலையும் கடமைப் பேச்சாகவே நான் கேட்கிறேன். தோழி தன் அம்மாவிடம் உண்மையைச் சொல்ல உடன் போய் உட்காருவதும் அவளைக் கைவிடாமல் இருப்பதன் ஒரு வழிதானே என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.

ஆசிரியை அவர்களுக்கு ஒன்று. மாணவர் சொன்ன பேரத்துக்கு மாற்றாகக் கோல்பர்க்கே ஒன்றைச் செய்து பார்த்தார். 1974இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் கிளஸ்டர் பள்ளி என்ற சிறு பள்ளியில், ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு என்று வைத்து, விதிகளைக் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். ஒருமுறை ஒரு மாணவியின் பையிலிருந்து ஒன்பது டாலர் திருடுபோனது. எடுத்ததாக யாரும் ஒப்புக்கொள்ளாத நிலையில், பறிகொடுத்தவளுக்கு ஆளுக்குப் பதினைந்து சென்ட் போட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று கூட்டம் முடிவு செய்தது. அதன்பின் சில ஆண்டுகள் அங்கே திருட்டு நின்றுபோனதாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மேல்நிலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அது மாவட்டப் பொது வினாத்தாள்தான். ஆய்வாளர் அவர்கள் சொன்ன கேள்வியை வகுப்பில் வைத்தேன். யார் எழுதியது என்று கேட்காமல், அந்தத் தாளையும் படித்துக் காட்டினேன். மற்றப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு நீளவில்லை. "அவர்களுக்கும் எப்படியோ வந்திருக்கும் மிஸ்" என்று ஒரு குரல் வந்ததோடு சரி.

அப்போது போன் இல்லாத மூவரில் ஒருவன் எழுந்தான். "எனக்கு யாரோ வந்து சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் சொன்ன பிறகு அந்த ஐந்து மதிப்பெண் கேள்விகளைத் தவிர வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் நான் படித்ததை எழுதியிருப்பேன். என்னைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றான். யார் சொன்னது என்று அவன் சொல்லவில்லை. வகுப்பில் அதுவரை பேசாமலிருந்த பலர் அதன்பின் பேசினார்கள். அநியாயத்தைச் சரிசெய்கிறோம் என்று ஒருவரை நம் தவறில் கூட்டுச் சேர்க்கலாமா என்று நீண்ட நேரம் வாதிட்டார்கள்.

வாட்ஸ்அப் குழுவுக்குத் தாங்களே விதி எழுதுவதாகச் சொல்லி வரைவு ஒன்றைத் தந்திருக்கிறார்கள். வகுப்பு தொடர்பான எந்தச் செய்தியும் மறுநாள் காலையில் கரும்பலகையிலும் எழுதப்பட வேண்டும் என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு. வினாத்தாள் போன்ற ஒன்று வந்தால் ஆசிரியரிடம் சொல்பவரின் பெயரை மறைக்கலாமா என்பதில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். பெயரை மறைத்தால் கோள் சொல்வதாகிவிடும் என்கிறது ஒரு கட்சி. மறைக்காவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்கிறது மற்றொன்று. தலைமையாசிரியர் ஒப்புதல் அளித்தால் வாக்கெடுப்பு நடத்துவோம். எனக்கும் ஒரு வாக்குதான் என்று சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

வரைவின் படி ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். இல்லையேல், பிள்ளைகள் வாக்களித்து முடித்த பின் பெரியவர்கள் வந்து கலைப்பார்கள். பெயரை மறைக்கலாமா என்பதில் நான் முதல் கட்சிதான். இரண்டாம் கட்சியின் வாதத்தையும் முழுமையாக எழுதி இங்கே இடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.